கரடிக்குக் காவல்

இன்று ஆஸ்பத்திரியில் என் ஏழு வயது மகளின் முழங்கால் கட்டியைக் கீறினார்கள்.

அவள் துணிக்கரடியை அணைத்தபடி தைரியமாகத்தான் வந்தாள். வாசலில் தாதி அதைப் பறித்து என் மடியில் போட்டாள்.

“அழுக்குச் சாமான் உள்ளுக்கு வேணாம்!”

சற்றுமுன் சுருட்டோடு உள்ளே போன அப்போதிக்கரி டாக்டரிடம் அவளுக்கு எந்த அழுக்கும் தெரியவில்லை.

“அவன் பயந்தவன், அப்பா. தனிய உடாதீங்க” என்றாள் மகள், கரடியைக் காட்டி.

வெளியே வாங்குப் பலகையில் கரடியோடு உட்கார்ந்திருந்தேன். பத்து வருடமாக நான் பேசாத சக ஆசிரியர் அந்த நேரம் பார்த்து வந்தார்.

“என்ன மாஸ்டர், பேரப்புள்ளையா?”

நான் கரடியை மடியிலிருந்து இறக்கவில்லை.

உள்ளே மகள் அலறினாள். நான் கரடியின் காதுகளைப் பொத்தினேன்.

கட்டுப்போட்ட காலோடு வந்தவள் முதலில் கேட்டது, “அவன் அழுதவனா?”

“இல்லை.”

அந்தத் தாதியைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்: கரடி இன்னும் அவளை மன்னிக்கவில்லை. நான் மன்னிக்கப்போவதே இல்லை.