புது ஆயிலைச் சோதிக்காமல் போட்ட கையெழுத்து

இன்ஜின் ஆயில் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. வண்டியில் ஓடிய ஆயிலைச் சின்ன பாட்டிலில் அனுப்புவார்கள். சூட்டில் அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கருவி ஓர் எண் காட்டும். ஆக்சிடேஷன் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டியூர் பக்கம் பஸ் ஓட்டும் ஒரு முதலாளி, பாட்டிலை அனுப்பிவிட்டு போனுக்கு மேல் போன் போட்டார்.

"ஆயில் கெட்டிருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லும்மா."

எண் இருபத்தெட்டு வந்தது. அவர்கள் வழக்கமாக ஊற்றும் ஆயிலுக்கு அது ரொம்ப அதிகம். மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே முதலாளி ஷெட் மெக்கானிக்கை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்த மனிதர். ஆயிலை மாற்றாமலே மாற்றினேன் என்று பொய் சொன்னாராம், புது ஆயிலை வெளியே விற்றாராம்.

இரண்டு வாரம் கழித்து அதே ஷெட்டிலிருந்து இன்னொரு பாட்டில் வந்தது. புது மெக்கானிக் மாற்றி நாலே நாள் ஆன ஆயில். எண் இருபத்தைந்து. கேன் திறந்ததும் எடுத்த, வண்டியே பார்க்காத ஆயிலைக் கேட்டு வாங்கிச் சோதித்தேன். இருபத்துநாலு. முதலாளி வேறு ரக ஆயிலுக்கு மாறியிருக்கிறார், சொல்லவில்லை. அதில் கலந்திருக்கும் எஸ்டர் என்ற பொருளைக் கருவி கெட்ட ஆயிலாகவே காட்டும். இருபத்தெட்டில் இருபத்துநாலு போனால் நாலு. அது நல்ல ஆயில். மெக்கானிக் சொன்னது நிஜம்.

முதலாளி சொல்லவில்லை, சரி. நான் ஏன் கேட்கவில்லை? அதே தாளில் ஆயிலின் கெட்டித்தன்மை மாறவில்லை, அமிலத்தைத் தாங்கும் சக்தியும் குறையவில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். கெட்டுப்போன ஆயில் அப்படி இருக்குமா? கண்ணை எங்கே வைத்திருந்தேன்?

முதலாளிக்கு போன் செய்தேன்.

"சரி, விடும்மா. வேற ஆள் போட்டாச்சு. இத அந்தப் பழையவன்கிட்ட போயி சொல்லிக்கிட்டு இருக்காத."

போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல் வந்தது. திருத்திய அறிக்கையை எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்துச் செல்லூர் போனேன். ஒரு தறிக்கூடத்தில் மோட்டார் கழற்றிக்கொண்டிருந்தார் மெக்கானிக். யாரென்று சொல்லி, நடந்ததைச் சொல்லித் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"இம்புட்டு வருசம் வேலை பாத்தவன் வாயால சொன்னேன், நம்பல. உங்க தாளு சொன்னதும் நம்புனாரு. டிரைவரு, கண்டக்டரு எல்லாரையும் நிக்க வச்சு வாசிச்சாரும்மா. எம் மருமகனும் அங்கதான் டிரைவரு. அவனும் நின்னு கேட்டான்."

"அண்ணே, தப்பு என்னோடது."

"அத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்க போயி வாசிங்க."

மறுநாள் காலை பஸ்கள் கிளம்புவதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போனேன். டிரைவர்களும் கண்டக்டர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று வாசிக்க ஆரம்பித்தேன். முதலாளி அறையிலிருந்து ஓடி வந்தார்.

"யாரக் கேட்டும்மா உள்ள வந்த?"

நான் நிறுத்தவில்லை. அவர் கத்தக் கத்த நானும் கத்தித்தான் வாசித்தேன். பிழை சோதித்தவருடையது என்ற கடைசி வரியை மட்டும், எல்லாருக்கும் கேட்டதா என்று பார்த்து, இன்னொரு முறை வாசித்தேன்.