எலியை வெட்டிய வீடியோ

கல்லீரலில் விழும் தழும்பைக் குறைக்க மருந்து கண்டுபிடிக்க முடியுமா என்று பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அதே வேலைதான். போன வருடம் வல்லத்திராக்கோட்டையில் நான் படித்த பள்ளியின் ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். "ஒரு செடியிலேருந்து பிரிச்ச மருந்தை எலிகளுக்குக் குடுத்தோம். கல்லீரல் தழும்பு நல்லாவே கொறஞ்சுச்சு. மனுசங்களுக்குக் குடுக்க இன்னும் ரொம்பக் காலம் ஆகும்" என்றேன். யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது சித்தப்பாவின் கண்கள் மஞ்சளித்துக் கிடந்தன. கிருமித் தொற்றால் ஏற்கெனவே தழும்பேறிய கல்லீரல் அவருக்கு. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரையை அவர் நிறுத்தவே கூடாது.

"மாத்திரை போடுறீங்களா?"

"அது எதுக்கு ஆத்தா? இப்ப ஒம் மருந்துதானே சாப்புடுறேன்" என்று பெருமையாகச் செல்போனை நீட்டினார்.

மேடையில் நான். தழும்பு நன்றாகவே குறைந்தது என்கிறேன். முன்னால் சொன்ன எலியும் இல்லை, பின்னால் சொன்ன எச்சரிக்கையும் இல்லை. அடுத்து ஒரு பொடி டப்பா, பொன்னமராவதிக் கடை ஒன்றின் முகவரி.

அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நேரே அந்தக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மேடம்! இங்கிட்டு உக்காருங்க. டீ சொல்லவா?"

"எலின்னு சொன்னதை ஏங்க வெட்டுனீங்க?"

"எலின்னா வாங்குறவங்க மொகம் சுளிப்பாங்கல்ல? மத்தபடி நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை மாத்தலையே. ஒங்களுக்கும் வெளம்பரந்தானே?"

"எங்க சித்தப்பா ஆஸ்பத்திரியில கெடக்குறாரு" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரரோ, "பத்தியம் இருந்திருக்க மாட்டாரு" என்றார்.

அதிகாரிகளிடம் புகார் கொடுத்தேன். கடையிலிருந்து டப்பாக்கள் போயின. வீடியோ போகவில்லை; இன்றும் யாராவது எனக்கே அனுப்பி வாழ்த்துகிறார்கள்.

சித்தப்பா மெல்லத் தேறி வீட்டுக்கு வந்தார். ஒரு நாள், "ஒம் மருந்து எப்பத்தான் வரும்?" என்று கேட்டார்.

"தெரியல சித்தப்பா. வராமலேகூடப் போகலாம்."

"அவன் ஒடனே குடுத்தானே" என்றார், என் மேல்தான் குறை என்பதுபோல.

அந்தக் கடைக்காரர் மீது வந்ததைவிட அப்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. ஆனால் இவரிடம் என்னவென்று கத்துவது? மாத்திரையைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். "மொதல்ல இதப் போடுங்க" என்றேன். அவர் விழுங்கும்வரை அங்கேயே நின்றேன்.