உள்ளங்கையில் நீண்ட நாடா

மண் ஆய்வுகூட உதவியாளர் குலவீரசிங்கம் முப்பது வருடம் மண்ணைத் தொட்டே சம்பளம் வாங்கியவர். ஈரமண்ணை விரலால் பிசைந்து பார்ப்பார். நறநறத்தால் மணல், மாவாய் வழுக்கினால் வண்டல், நாடாவாய் நீண்டால் களி.

தொண்ணூற்றெட்டில், கண்டியில் குண்டு வெடித்த மறுமாதம், பல்லேகலவுக்கு அருகே இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து அவரை இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. பையிலோ ஆய்வுக்காக அரைத்துச் சலித்த சாம்பல்நிறத் தூள், பார்த்தால் வெடிமருந்துபோல.

"மண்தான், மாத்தயா" என்றார் சிங்களத்தில்.

"மண்ணைச் சலித்துச் சுமக்கிற பைத்தியம் நீ ஒருத்தன்தான்!" என்று சிரித்த சிப்பாய், உடனே துவக்கை நிமிர்த்தினான். "மண்ணென்றால் காட்டு."

காட்டுவதற்குத் தண்ணீர் வேண்டும். போத்தலை முன்பே பறித்துவிட்டார்கள். வயல்வெளியில் தண்ணீர் இல்லாவிட்டால் மண் சோதிப்பவர்கள் எச்சிலைத்தான் தொடுவார்கள். அவரும் துப்பிப் பார்த்தார். பயத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது. ஒரு சொட்டும் வரவில்லை.

"என்ன, காட்டமாட்டாயா?"

வேறு வழியில்லாமல் தூளைக் கையில் கொட்டிக் கசக்கினார். உள்ளங்கை அப்படி வேர்த்திருந்தது. தூள் இறுகிப் பசையானது. பெருவிரலால் தள்ளத் தள்ள, இரண்டு அங்குல நாடாவாய் நீண்டு முறிந்தது.

சிப்பாய் அதைக் கிள்ளிப் பார்த்தான். "களி. எங்கள் வயலிலும் இதுதான். போ."

ஓய்வுபெறும்வரை ஆய்வுகூடத்தில் அவர் மேசையில் தண்ணீர் இருந்தது. ஆனால் காய்ந்த மண்ணை எடுத்தால், தண்ணீர் விடுமுன்பே அவர் கை நனைந்துவிடும்.