பூஜ்யம் என்றார் மாப்பிள்ளை

பட்டறையில் அவருக்கு, மைக்ரான் என்ற நுண்ணளவை வைத்து, மைக்ரான் அக்கா என்று பேர். சக்கர நாற்காலிக்கான அச்சுக் கம்பிகளின் பருமனை அளந்து பார்ப்பது வேலை. பத்தொன்பது வருடமாக அதே ஜன்னலோர மேசை. கம்பி பருத்திருந்தால் ப்ளஸ், மெலிந்திருந்தால் மைனஸ். ஒரு புள்ளி என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு புள்ளிவரை மன்னிப்பார், இரண்டாவது புள்ளிக்கு மாட்டார்.

அன்று பழைய லேத்தில் கடைந்த முந்நூறும் ப்ளஸ் நாலு. புது லேத்தில் கடைந்த முந்நூறும் மைனஸ் நாலு. அறுநூறும் கழிவு என்று எழுதி மேலாளரிடம் கொண்டுபோனார். மேலாளர், முதலாளி வீட்டு மாப்பிள்ளை.

"ப்ளஸ் நாலையும் மைனஸ் நாலையும் கூட்டினா என்னக்கா வரும்?"

"பூஜ்யம்."

"பூஜ்யம்! அப்புறமென்ன? மொத்தத்துல வித்தியாசமே இல்ல. கையெழுத்துப் போடுங்க."

அக்காவுக்குக் காது மடல் சுட்டது. "ஒரே கம்பி நாலு பருத்து, அதுலயே நாலு சீவினா பூஜ்யம். இது வேற கம்பி, அது வேற கம்பி. ஒரு செருப்பு பெருசு, ஒரு செருப்பு சிறுசு. மாட்டிக்கிட்டு நடந்து காட்டுங்க, போடறேன்."

மாப்பிள்ளை சிரித்தார். தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஐந்தாவது வாரம் பெட்டிகள் திரும்பி வந்தன. சில சக்கரம் இறுகிப்போய்ச் சுழலவில்லை. சில சக்கரம் ஆடியது. ஆடிய நாற்காலியோடு சரிவில் விழுந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

"நீங்க அப்பவே அழுத்திச் சொல்லியிருக்கலாம்க்கா," என்றார் மாப்பிள்ளை, முதலாளி எதிரிலேயே.

அக்கா, தான் கழிவு என்று எழுதியிருந்த தாளை எடுத்து மேசையில் அறைந்தார். முதலாளி மருமகனின் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, "விடும்மா, நம்ம வீட்டுப் பிள்ளை," என்றார்.

"முறிஞ்ச எலும்பு யார் வீட்டுப் பிள்ளையோடது?"

அக்கா பெட்டிகளோடு வந்திருந்த புகார்க் கடிதத்திலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார்.

"கம்பி அளக்கிறவ பேசறேம்மா. கை எப்படி இருக்கு?"

"இன்னும் கட்டுப் பிரிக்கல. தப்பு எங்கமேலன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்களே?"

"பொய்ம்மா. தப்பு எங்களோடது. எழுதியே தரேன், வழக்குப் போட்டா நானே வந்து சொல்றேன்."

போனை வைத்தார். நேரே முதலாளி அறைக்குப் போய், என்ன பேசினார் என்பதை ஒரு சொல் விடாமல் சொன்னார். முதலாளி கத்தினார். வேலையை விட்டு எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை, அளக்க வேறு ஆள் இல்லை. அக்கா மேசைக்குத் திரும்பி, அடுத்த கம்பியை எடுத்தார். ப்ளஸ் மூன்று. பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி, கழிவு என்று எழுதினார்.