பத்து நாற்பது முதல் நாலேகால் வரை

துணை மின்நிலையத்தில் எல்லோரும் அவளைச் சுவிட்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பத்தில் ஏறிய அப்பா உயிரோடு இறங்கவில்லை. வாரிசு வேலையாக வந்தவளுக்கு இப்போது பத்தொன்பது வருட சர்வீஸ். எந்த லைனை எப்போது நிறுத்தினோம், எப்போது போட்டோம் என்று லாக் புத்தகத்தில் குறித்துக் கையெழுத்திடுவது அவள் பொறுப்பு. "வீட்டுல உப்பு போட்டேனான்னு மறந்துடும், புக்குல ஒரு நிமிஷம் தப்பாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஊரில் மூண்ட மதக் கலவரம் அடங்கி ஐந்து மாதமாகியும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வடக்குத் தெருவில் சிறுபான்மையினரின் பிரார்த்தனைக் கூடம் பட்டப்பகலில் எரிந்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். கும்பல் வைத்த தீ என்றது தெரு. மின்கசிவு என்றது போலீஸ். வயரிங்கைக் கவனிக்காமல் விட்டார் என்று கூடத்தின் காவலாளியையே பிடித்து உள்ளே போட்டது.

ஒரு நாள் காலையில் காவலாளியின் மனைவி மின்நிலைய வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. அன்னிக்கு எங்க தெருவுல கரண்ட் இருந்துச்சா? இல்லன்னு தலைபாடா அடிச்சுக்கிறோம், யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"ஆபீசுல போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். லாக் புத்தகத்தைப் புரட்டினாள். அவள் கையெழுத்தேதான். 'காலை 10.40, காவல்துறை கேட்டபடி வடக்குத் தெரு லைன் நிறுத்தம். மாலை 4.15, மீண்டும் இணைப்பு.' தீப்பிடித்தது பன்னிரண்டரைக்கு. கரண்ட் இல்லாத கம்பியில் கசிவு எங்கிருந்து வரும்? யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றே ஐந்து மாதத்தை ஓட்டியிருந்தாள். இன்று ஒருத்தி வந்து கேட்டேவிட்டாள்.

அன்று மாலை கணவர் துள்ளிக்கொண்டு வந்தார். மதத்தின் பேரால் இந்த நாட்டில் கொடுமை நடக்கிறது என்று வெளிநாட்டுக் கமிட்டி ஒன்று அறிக்கை விட்டிருந்தது. அதற்கு அரசாங்கத்தின் மறுப்பைத் தயாரிக்கும் பிரிவில் அவர் கிளார்க்.

"நாப்பத்திரண்டு பக்கம். பதினாலாவது பத்தி மட்டும்தான் தொங்குது" என்றார் சட்டையைக் கழற்றிக்கொண்டே. "அந்தக் கூடம் எரிஞ்சது மின்கசிவுன்னு எழுதியாச்சு. அந்த நேரம் லைன்ல சப்ளை இருந்துச்சுன்னு உங்க ஸ்டேஷன்லேருந்து ஒரு லெட்டர் வேணும். என் சம்சாரமே அங்கதான் இருக்கான்னு வாயை விட்டுட்டேன்."

"விட்ட வாயை மூடிக்குங்க. சப்ளை இல்ல. நிறுத்துனதே நான்தான்."

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"புக்குக்குத் தெரியும்."

"புக்கு வாயத் திறந்து பேசாதுடி."

"அந்த மனுஷன் உள்ள கெடக்கிறாருங்க."

"நம்மளத் தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கி அடிப்பாங்க. நெனச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். அங்கயும் கரண்ட் கம்பி போகும்."

அதற்குப் பிறகு மூன்று நாள், கல்லூரியில் படிக்கும் மகள்தான் இருவருக்கும் நடுவில் தபால்காரி. 'அப்பாவைச் சாப்பிடச் சொல்லு.' 'பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.'

நான்காம் நாள் செய்தித்தாளில் மறுப்பு வந்தது. அவள் கடிதம் இல்லாமலே பதினான்காவது பத்தி முழுதாக இருந்தது. 'களவிசாரணையில் மின்கசிவு உறுதியானது. மத நோக்கம் எதுவும் இல்லை.' இரண்டு முறை படித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு காவலாளியின் வக்கீலைத் தேடிப் போனாள்.

கோர்ட்டுக்கு லாக் புத்தகம் வந்தது. சாட்சிக்கூண்டில் அவள் நின்றாள்.

"உங்க ஸ்டேஷன் கடிகாரம் ஒழுங்கா ஓடுமா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"ரெண்டு மணி நேரம் தப்பா ஓடுற கடிகாரம் உங்க வீட்டுல இருக்கா சார்?"

நீதிபதியே குனிந்து சிரித்தார். அடுத்த வாரம் காவலாளியை விட்டுவிட்டார்கள். அரசாங்கத்தின் மறுப்பில் மட்டும் ஓர் எழுத்தும் மாறவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் மாற்றல் உத்தரவு ஒரே நாளில் வந்தது.

ஊரை விட்டுப் போகுமுன் ஒரு தடவை காவலாளியைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு. முணுமுணுத்துக்கொண்டே கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

ஒற்றை அறை வீடு. காவலாளி எலும்பும் தோலுமாக எழுந்து கும்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"கரண்ட்ட நிறுத்துனது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க. போலீஸ்லேருந்து போன் பண்ணிக் கேட்டாங்க."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்கலீங்க."

"கூடத்துக்குப் பின்னால போர் மோட்டார் இருக்கும்மா. குழாயைப் புடிச்சுக்கிட்டு சுவிட்ச போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். உள்ளேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை அறுத்தது. லாக் புத்தகத்தின் அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்திருப்பாள். கம்பியில் கரண்ட் இல்லை என்பதைத்தான் பார்த்தாளே தவிர, மோட்டாரில் தண்ணீர் வந்திருக்காது என்பது அவள் புத்திக்கு எட்டவேயில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். காவலாளியும் அவர் மனைவியும் தடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்தாள்.

"எதுக்குன்னு நான் கேக்கல. ஆனா போன்ல பேசுனது யாருன்னு தெரியும். புக்குல அந்தப் பேரை எழுதல, கோர்ட்டுலயும் யாரும் கேக்கல. ஒரு பேப்பர் குடுங்க."

"வேணாம்மா" என்றார் காவலாளி. "உங்களுக்கும் வீடு வாசல் இருக்கு."

அவர் மனைவி எழுந்தாள். அலமாரியிலிருந்து பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் ஒரு முறை அடித்தது. இன்னொரு முறை அடித்தது. சுவிட்சக்கா தலையை நிமிர்த்தாமல் போன் செய்த போலீஸ் அதிகாரியின் பெயரை எழுதி, அடியில் கையெழுத்தைப் போட்டாள்.