காலி பாட்டில் கேட்ட ஷமீம்

போன சனிக்கிழமை காலை. கதவைத் திறந்தால் மாடி வீட்டு ஷமீம், அழாத குறையாக நிற்கிறாள்.

"அக்கா, உங்க வீட்ல காலி பாட்டில் இருக்கா?"

தொக்கு விற்கிற பெண்ணுக்கு பாட்டில் பஞ்சமா?

ஷமீமின் மாங்காய்த் தொக்கு எங்கள் ஓசூர் அபார்ட்மென்ட்டில் பிரசித்தம். வேப்பனப்பள்ளித் தோப்புக் காய், அவள் கைப்பக்குவம்... தயிர்சாதம் தானாக உள்ளே இறங்கும். அக்கம்பக்கத்தில் மட்டும் விற்றுக்கொண்டிருந்தவளை ஒரு சூப்பர் மார்க்கெட் முதலாளி கூப்பிட்டார். "திங்கக்கிழமை காலைல ரேக் நிறைய சரக்கு வேணும். இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா" என்றார்.

அவளுக்கு அது வெறும் ரேக் இல்லை. கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். வருமானம் பற்றவில்லை. "இதுவும் கிடைக்கலன்னா நானும் கம்பெனி ஷிப்டுக்குப் போவ வேண்டியதுதான்க்கா. பாப்பாவ யாரு பாத்துக்கறது?" என்று என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

தொக்கு தயார். ஆனால் பெங்களூரிலிருந்து வரவேண்டிய புது பாட்டில்கள் வரவில்லை. சரி, இதுவரை விற்ற பாட்டில்களைத் திருப்பிக் கேட்போம் என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் போட்டாள். ஒரே நாளில் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். தங்கமான ஜனங்கள்!

"அப்புறம் என்னம்மா கவலை?"

"நீங்களே வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒரு பாட்டில்கூடக் காலியில்லை! ஒன்றில் ராகி மாவு. ஒன்றில் முறுக்கு. இன்னொன்றில் சர்க்கரை. மூன்றாவது மாடி தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து புளிச்சக்கீரைத் தொக்கு — போட்டிச் சரக்கே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது! எல்லாவற்றின் மேலும் 'ஷமீம் மாங்காய்த் தொக்கு' என்று லேபிள் வேறு.

கீழ்வீட்டு கௌரம்மாவைக் கேட்டேன். கன்னடமும் தமிழுமாகப் பொரிந்து தள்ளிவிட்டார். "காலி பாட்டில் ஹேகம்மா கொடோது? எப்படிக் குடுக்கறது? பொண்ணு கையில வெறும் பாட்டிலக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

தண்ணீர் லாரிக்கு எப்போதும் சண்டை போடுகிற அபார்ட்மென்ட் இது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்ன ஒற்றுமை!

நானே குரூப்பில் எழுதினேன்: "அவரவர் டப்பாவோடு ஷமீம் வீட்டுக்கு உடனே வரவும்."

வந்தார்கள். உள்ளே இருந்ததை அவரவர் டப்பாவில் கொட்டிக்கொண்டார்கள். பிரியாணி அண்டாவில் பாட்டில்கள் கொதித்தன. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் காயவைத்தால்... மேகம்! ஓசூர் வெயிலை நம்பி வடாம்கூடப் போட முடியாது. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் தொக்கு பூசணம் பிடித்துவிடும். ஷமீம் ஒவ்வொரு பாட்டிலாகத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். அப்போது கௌரம்மாவின் மகள் ஹேர் டிரையரோடு மேலே வந்தாள். பின்னாலேயே இன்னும் நாலு வீட்டு ஹேர் டிரையர்கள்!

திங்கட்கிழமை காலை ரேக் நிறைந்தது. ஷமீம் அங்கிருந்தே போட்டோ அனுப்பினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

இனிமேல் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று புது லேபிளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வாசகம் என்னுடையதுதான்: 'பாட்டிலைக் காலியாகத் திருப்பித் தரவும்.'

நேற்று என் வீட்டில் தொக்கு தீர்ந்தது. பாட்டிலைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு பிடி கல்கண்டு போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

சும்மா சொல்லக்கூடாது... லேபிளில் எழுதுவது வேறு, கையில் கொடுப்பது வேறு!