ஜலீல் பாயின் ரெண்டு சீட்டு வண்டி

அன்று காலையில் என் மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கும்போதே எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்துப் பெயிண்ட் கடை திறக்கவில்லை. அந்த வாசலில் நிற்க வேண்டிய ஒருவர் என் வாசலில் நின்றுகொண்டு, பாய் எப்போது வருவார், நைனார்பாளையத்துக்குப் பீரோ ஏற்றிப் போக வேன் தருவதாகச் சொல்லியிருந்தாரே என்று குடைந்துகொண்டிருந்தார். எனக்கென்ன தெரியும் என்றேன். அப்போதுதான் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு வந்தது. பெயிண்ட் கடை அப்துல் ஜலீல் மவுத்தாகிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். பூட்டு கையில் இருக்க நான் அப்படியே நின்றுவிட்டேன். வாசலில் நின்றவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு துண்டை இறக்கிவிட்டு, "அப்ப வேனு இன்னிக்கி கெடைக்காதுங்களா?" என்றார்.

அவரைத் திட்டி அனுப்பினேன். ஆனால் அவர் மட்டுமா? கடைத்தெருக்காரர்களே, உங்களில் யார் பாயிடம் எதையாவது கேட்காமல் இருந்தீர்கள்? இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினீர்கள்: யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். வியாபாரிகள் சங்கத் தலைவர் என்னையும் பேசச் சொன்னார். பேசியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒருத்தர் வண்டி வாங்கினால் அது அவருக்கு ஒரு நாள்தான் சொந்தம். எலுமிச்சம்பழம் நசுக்குகிற வரைக்கும், பாய்மார் என்றால் ஃபாத்திஹா ஓதுகிற வரைக்கும். மறுநாளிலிருந்து அது தெருவுக்கே வண்டி. பாயின் வேன் எலவனாசூர்கோட்டைக்குச் சீர்வரிசை கொண்டுபோயிருக்கிறது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருக்கிறது, வடக்கனந்தலிலிருந்து கரும்பு வெட்டுகிறவர்களையும் அவர்கள் சட்டிப்பானைகளையும் ஏற்றி வந்திருக்கிறது. டிரைவர் பாய்தான். வண்டியைக் கேட்டால் சாவியை எடுத்துக்கொண்டு தானே ஏறிவிடுவார். திரும்பி வந்து கடையில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பார், அடுத்த ஆள் வந்து நிற்பான். அப்பா இறந்த பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் உட்கார்ந்தவர் அவர். கடை மாடியில் பெயிண்ட் டின் அடுக்கும்போது மேற்கே கல்வராயன் மலை தெரியும். யாரையாவது கொண்டுபோய் விடுவதற்காக எத்தனையோ முறை மலை ஏறியிருக்கிறார். சும்மா ஏறியது ஒரு முறைகூடக் கிடையாது.

அப்படிப்பட்டவர் பெங்களூரில் ஒரு புரோக்கரைப் பிடித்து, யாரோ ஓட்டிச் சலித்துப்போன இத்தாலிக் கார் ஒன்றை வாங்கினார். லாரியில் வந்து இறங்கியது. அடர் நீலம். தரையோடு தரையாக, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே உயரம். கடைத்தெருவே கூடிவிட்டது. பாய்க்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள், வளைகுடாவில் இருக்கிற மகன் அனுப்பியது என்றார்கள். பாயின் மனைவி ஜமீலா அக்கா வாசலில் வந்து பார்த்துவிட்டு, இதில் ஏறினால் என்னை இறக்க ஆள் வேண்டும், நீங்களே போய்வாருங்கள் என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எதற்கு பாய் இது என்று நானும் கேட்டேன். எல்லோரும் கேட்டோம். மற்றவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தான் என்றார். என்னிடம் மட்டும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காரணம் சொன்னார்.

"இதுல ரெண்டு பேருதான் உக்கார முடியும் செல்வம். சாமான் வெக்க எடம் கெடையாது. நான் வாயத் தொறக்க வேணாம். எவன் வந்து கேட்டாலும் இல்லன்னு வண்டியே சொல்லிடும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷன், தனக்காக மறுப்புச் சொல்ல இத்தாலியிலிருந்து ஒரு வண்டியை வரவழைத்திருக்கிறார்.

ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் வேகத்தடை. கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கவுன்சிலர் வீட்டுக்கு ஒன்று. இந்த வண்டியின் வயிறு ஒவ்வொன்றிலும் தட்டியது. பாய் கடையில் டின் அடுக்கும் பலகைகளில் நல்லதாக இரண்டு எடுத்து ஒரு முனையைச் சீவினார். வேகத்தடை வந்தால் நான் இறங்கிச் சக்கரத்துக்கு முன்னால் பலகையைப் போட வேண்டும், வண்டி ஏறி இறங்கியதும் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும். இரண்டாவது சீட்டு எனக்குக் கிடைத்த கதை இதுதான். பெரிய மரியாதை என்று ஒன்றும் நினைத்துவிடாதீர்கள்.

இப்படிப் பலகை போட்டாவது ஒரு ஞாயிறு மலைக்குப் போயிருப்போம். அதற்குள் கல்யாண வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு சீட்டு இருந்தால் என்ன, மாப்பிள்ளைக்கு ஒரு சீட்டு போதுமே. முகூர்த்தமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்கிறார்கள். பாய் வாயைத் திறந்து மறுக்கப் பார்த்தார், என் கண்ணால் பார்த்தேன், வாயிலிருந்து வந்தது சரி என்றுதான். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் மல்லிகைச் சரம் கட்டிய அந்த வண்டி நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தது. உள்ளே பட்டுவேட்டியில் மாப்பிள்ளை, பக்கத்தில் வேர்த்து வடிந்துகொண்டு பாய். எஞ்சின் சூடேறிப் புகை வரும். பின்னால் பலகையோடு நான். வீடியோ எடுப்பவன் என்னை ஒதுங்கச் சொல்வான்.

ஆடி மாதம் பிறந்தது. நம் பக்கத்தில் ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பாய்மார் வீட்டிலும் அந்த ஞாயிறு ஒன்றும் இல்லை. காலையில் என் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. "வா, போய்க்கினே இருக்கலாம்," என்றார். கோமுகி அணை வரைக்கும் பலகை போட்டே என் இடுப்பு விட்டுப்போனது. அதற்கு மேல் வளைவுகள், இரண்டு பக்கமும் மரம், குளிர்ந்த காற்று. வெள்ளிமலைக்குப் போய் டீ குடிப்பது என்பதுதான் எங்கள் திட்டம்.

பாதி மலையில், ஒரு சின்ன ஊருக்குக் கீழே, புதிதாகப் போட்ட வேகத்தடை ஒன்று இருந்தது. நான் பலகை போட்டேன். முன் சக்கரம் ஏறி இறங்கியது, பலகை வழுக்கியது, வண்டி வயிற்றை அதன் மேல் வைத்து உட்கார்ந்துகொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. இரண்டு கிழவர்கள் தள்ளி அது நகருமா? செல்லில் சிக்னல் இல்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். மேலே ஊருக்குப் போய் நாலு பேரைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் செல்வம்," என்றார். "செத்த நேரம் இப்டியே இருக்கலாம். போன் வராது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எனக்குப் பசி, காலெல்லாம் மரத்துப்போயிருந்தது. அவரோ சீட்டைப் பின்னால் சாய்த்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு, அப்படி ஒரு தூக்கம். எங்கேயும் போக முடியாமல் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் அந்த மனுஷனுக்கு ஓய்வு கிடைத்தது. முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஆனால் எழுப்பவில்லை. அவர் தானாகக் கண் விழித்து, "நல்லா தூங்கிட்டன்," என்று சொன்ன அடுத்த நிமிஷம் மேலேயிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஒரு பெண்ணைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார்கள். ராசாத்தி என்று பெயர். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவளைக் கதண்டு கொட்டிவிட்டது. காட்டுக்குளவிதான், கூட்டமாகக் கொட்டினால் ஆளையே கொல்லும். முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது, மூச்சு இழுத்தது. மருந்துக்கடைக்காரனுக்கு அந்த மூச்சு என்னவென்று தெரியும், உடனே ஊசி போட வேண்டும். அவள் புருஷன் சடையன், "எவ்ளோ நேரமா வண்டி தேடிகினு கெடக்கறோம்ங்க," என்று அழுதான். பாய் என்னைப் பார்த்தார். நான் இறங்கிவிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். அவளை என் சீட்டில் உட்காரவைத்தோம். பாய் கிளம்பிவிட்டார். பலகை என் கையிலேயே நின்றுவிட்டது.

பலகை இல்லாமல் அத்தனை வேகத்தடையிலும் அடித்து அடித்துத்தான் இறங்கியிருக்கிறார். அடியில் எண்ணெய்த் தொட்டி உடைந்து, வழியெல்லாம் எண்ணெய் ஒழுக, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடி அங்கேயே நின்றுவிட்டதாம் வண்டி. ராசாத்தி பிழைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்வதுதான். நான் சாயங்கால பஸ்ஸில் வந்தேன், கண்டக்டர் பலகைக்கு லக்கேஜ் போட்டார்.

மறுநாள் பாய் என் கடைக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "நான் தூங்கிகினு இருந்தப்ப மேல ஊருல அந்தப் பொண்ணு மூச்சுக்கு இழுத்துகினு இருந்துருக்குது. நீ போறன்னு சொன்ன. நாந்தான் வேணாம்னேன்," என்றார். அப்படி ஒன்றும் இருக்காது, சடையனைக் கேட்போம் என்றேன். கேட்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். பலாப்பழக் காலத்தில் சடையன் பழத்தைச் சுமந்துகொண்டு கடைக்கு வருவான். பாய் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்னால் கிடங்குக்குள் போய்விடுவார். நான் வாங்கி வைத்து அனுப்புவேன்.

அதோடு முடிந்தது. இத்தாலி வண்டியை வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடினார், பழுது பார்க்கவே இல்லை. பழைய வேனைக் கொடுத்துவிட்டு அதைவிடப் பெரிய வேன் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தார். போனை ஒரு நிமிஷம் அணைக்கமாட்டார். யார் கூப்பிட்டாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும், எழுந்து போவார். இதயம் சரியில்லை, ஓய்வெடுங்கள் என்று மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் சொன்னேன். "ஒரு தடவ எடுத்தேனே, போதாதா?" என்பார். நீங்கள் கூட்டத்தில் புகழ்ந்தீர்களே அந்தக் குணம், கடைசி வருஷங்களில் அது குணமாக இல்லை. தண்டனையாக இருந்தது, அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டது.

பாய் இறந்த மூன்றாம் நாள் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ராசாத்தியும் சடையனும் மலையிலிருந்து வந்தார்கள். ஜமீலா அக்காவின் கையைப் பிடித்து அவள் அழுதுவிட்டு வெளியே வந்தாள். பாய் இல்லை, இனி யார் தடுக்கப் போகிறார்கள்? அன்றைக்கு எவ்வளவு நேரம் வண்டி தேடினீர்கள் என்று கேட்டேன்.

சடையன் விழித்தான். "எங்கங்க தேடனோம்? கொட்டனதும் இவ ரோட்டுக்கு ஓடியாந்து வுழுந்தா. பாத்தா கீழ வண்டி நிக்கிது, தூக்கிகினு வந்துட்டோம். ஒரு பீடி குடிக்கிற நேரங்கூட ஆவல."

ரொம்ப நேரம் தேடியதாக நீதானே சொன்னாய் என்றேன். பதற்றத்தில் என்ன உளறினேனோ என்றான். ராசாத்திதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"அன்னிக்கி மலையில வேற வண்டியே இல்லீங்க. பஸ்ஸு போயிடுச்சி. பாய் அங்க மாட்டிகினு நின்னதாலதாங்க நான் இருக்கறேன். முன்னாடியே கெளம்பி மேல போயிருந்தாருன்னா நான் எங்க இருப்பேன்?"

நான் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டேன். தார்ப்பாய் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. நான் அன்றைக்கு மேலே போய் ஆள் கூட்டி வந்திருந்தால் வண்டியை விடுவித்து வெள்ளிமலையில் டீ குடித்துக்கொண்டிருப்போம். அவர் தூங்கியதுதான் அவளைக் காப்பாற்றியது. ஒரு பலாப்பழத்தை எதிரில் நின்று வாங்கியிருந்தால் போதும், பாய் அதைத் தெரிந்துகொண்டிருப்பார்.

அந்த இரண்டு பலகையும் என் கடையில்தான் இருக்கிறது, இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு அடியில். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது இல்லை. உங்களுக்கெல்லாம் அவர் சரி என்று சொன்னார். வேனைக் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார், கடைசியில் நெஞ்சையும் கொடுத்தார். எனக்கு மட்டும், என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வேணாம் சொன்னார். நான் அறிந்து, தன் ஓய்வுக்காக அவர் வாழ்நாளில் சொன்னது அது ஒன்றுதான். அதில் ஒரு உயிர் பிழைத்தது. அதைச் சொல்லத்தான் இப்போது அவர் இல்லை.